அரை டோஸ்

இந்த ஊருக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
சக் 481. சமுந்திரியிலிருந்து கால்வாய்க் கரையோடு
மோட்டார் சைக்கிளில் முக்கால் மணி.
எனக்கு வேலை எண்ணுவது.
கம்பி வளைத்த சதுரம் ஒன்று வைத்திருக்கிறேன்,
முழத்துக்கு ஒரு முழம்.
மக்காச்சோள வரிசைக்குள் கண்ணை மூடி எறிவேன்.
விழுந்த இடத்தில் மண்டியிட்டு
எத்தனை சாரணை, எத்தனை கோரை,
பெயர் தெரியாதது எத்தனை என்று
நோட்டில் கோடு கிழிப்பேன்.

ஒன்றுமே செய்யாமல் விட்ட முதல் பாத்தியில்
கோடு கிழித்தே ஒரு பென்சில் தீர்ந்தது.

போன போகத்துச் சோளத்தட்டையில்
எருமைகள் தின்றது போக மிச்சத்தை
அமானத் சீமா கொடுத்தார்.
விரல் நீளம் நறுக்கி, மண் தெரியாமல் பரப்பினோம்.
சோளம் நின்ற நிலத்தில்
அடுத்து விதைத்தது முகம் சுளித்துக்கொண்டுதான் வரும்,
இங்கே கடன் வாங்கி விதைத்த எவனைக் கேட்டாலும் சொல்வான்.
தட்டைக்குள் ஒரு கசப்பு இருக்கிறது.
ஈரத்தில் ஊறி இறங்கிப்போய்
விதையின் காதில் ஏதோ சொல்கிறது.
விதை எழுந்திருப்பதில்லை.

கோரைக்குக் காது கிடையாது.
கிழங்கிலேயே படுத்திருந்து
தட்டையைக் குத்திக்கொண்டு ஊசி ஊசியாய் வந்தது.

அதனால் நான்காம் பாத்தியில் தட்டையின் மேல் மருந்தும்.
முழு அளவு இல்லை, பாதி.
முதலில் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை.
தெளித்த துளியையெல்லாம் தட்டையே குடித்துவிட்டு
மண்ணுக்குச் சொட்டும் விடாமல் கிடந்தது.
மூன்று நாள் வானத்தைப் பார்த்தோம்.
நாலாம் நாள் பின்னிரவில் ஒரு மழை.
தட்டு கழுவக்கூடப் போதாது.
மருந்துக்குப் போதும்,
தட்டையை விட்டு மண்ணுக்கு இறங்க.

பன்னிரண்டாம் நாள் அங்கே சதுரத்தை எறிந்தேன்.
மூன்று சாரணை. ஒரு கோரை, அதுவும் வெளுத்து.
தள்ளி நின்று மறுபடி எறிந்தேன்.
பூஜ்யம்.
அமானத் சீமா இந்தப் பாத்தியையும்
முழு டோஸ் குடித்த பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.
"அப்ப பாதி டப்பா மிச்சம்," என்றார்.
சிரிக்கவில்லை. விரலை மடக்கி
தட்டை நறுக்கிய கூலியைக் கழித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஸுக்ரான் பீபி வந்தாள்,
அரிவாளும் காலிச் சாக்குமாக.
களை பறிக்கக் கூலி உண்டு,
பறித்த களையும் அவளுக்கு. அதுதான் பேச்சு.
வீட்டில் ஐந்து ஆடு.
சாரணை என்றால் ஐந்துக்கும் உயிர்.

"எதுல மருந்து?"
காட்டினேன்.
"எதுல அரை மருந்து?"
காட்டினேன்.
"அரை மருந்து தின்ன ஆடு அரைச் சாவு சாகுமா?"

நோட்டைப் புரட்டினேன்.
எண்ணிக்கை இருக்கிறது, காய்ந்த எடை இருக்கிறது,
கதிர் நீளம், விளைச்சல், ஏக்கருக்குச் செலவு.
ஆட்டுக்கென்று ஒரு பத்தி யாரும் போடவில்லை.

மூடாக்கு மட்டும் இருந்த பாத்தியில் உட்கார்ந்தாள்.
சருகை விலக்கி விலக்கி ஒரு மணி நேரம்.
சாக்கின் மூலைகூட நிறையவில்லை.
எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு
முதல் பாத்தியைப் பார்த்தாள்.
சாரணை அங்கே பாய் விரித்துக் கிடந்தது,
தண்டெல்லாம் சிவந்து.

அதை யாரும் தொடக்கூடாது.
அறுவடை வரைக்கும் தொடாமல் இருப்பதுதான்
அந்தப் பாத்திக்கு வேலை.
அதை வைத்துத்தான் மற்ற மூன்றையும் அளப்போம்.
இதையெல்லாம் அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

பிறகு சதுரத்தைக் கையில் எடுத்தேன்.
கண்ணை மூடிக்கொண்டேன்.
எறியத்தான்.
எறிய வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது:
முதல் பாத்தி, வடகிழக்கு மூலை,
களை அடர்த்தி குறைவு.
காரணம் தெரியவில்லை.